உச்சிவெயிலில் இருபது அடி நிழல்

அந்தப் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சங்குமுனையில் இன்றைக்கும் என்னைக் கண்டால் "வாய்தான் நீளம்னு பாத்தா பேனாவும் நீளம்" என்று முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: செத்தவனுக்காகச் செபம் கேட்பது குற்றம் என்று எந்தச் சட்டத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள். யாரும் காட்டவில்லை. காட்டாமலே பயந்தார்கள். நானும் பயந்தேன், அதையும் ஒளிக்கப்போவதில்லை.

எங்கள் ஊரில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் செத்தவர்களின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி மெழுகுவத்தியோடு சாமியாரிடம் கொடுக்கும், அவர் நண்பகலில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நின்று ஒரு பெயர் விடாமல் வாசிப்பார். எங்கள் வீட்டுச் சீட்டில் எப்போதும் பன்னிரண்டு பெயர். அந்த வருஷம் நான் பதின்மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன்: ஸ்தனிஸ்லாவ் வோய்ச்சிக், பொலோனியா தேசத்தான், தச்சன். சாமியார் அந்தப் பெயரை வாசித்து முடித்த நொடியில், பக்கத்தில் தீர்த்தச் செம்போடு நின்றிருந்த என் அப்பாவின் காலடியில் சுருண்டு கிடந்த நிழல், கோரைப்பாயை உதறி விரித்ததுபோல வடக்கே பார்த்து விரிந்து, நான்கு கல்லறைகளைத் தாண்டிப் போய் நின்றது. மணி பன்னிரண்டு பத்து. குனிந்து பார்த்தேன், என்னுடையதும் அப்படியே போயிருந்தது. அம்மாவுடையது மட்டும் நல்லபிள்ளையாக அவள் சேலைக் கரையோரம் ஒண்டிக் கிடந்தது.

"உங்கப்பா வீட்டு ஆளுகளுக்கு எதுலயும் ஒரு அளவு கிடையாது" என்றாள் அம்மா.

சாமியார் அடுத்த பெயரை வாசித்தார்.

இந்த ஸ்தனிஸ்லாவ் யார் என்று சொல்ல வேண்டும். என் அப்பா கோயில்பிள்ளை, மணி அடிக்கிறவர், மெழுகுவத்தி ஏற்றுகிறவர், பதிவேட்டு அலமாரிச் சாவியை அரைஞாணில் கோத்து வைத்திருக்கிறவர். அவர் பெயர் தனிஸ்லாஸ். தாத்தா பெயரும் அதுதான், தாத்தாவின் அப்பா பெயரும் அதுதான், ஏன் இந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை, நான் கேட்டேன். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது, அலமாரிச் சாவி வீட்டிலேயே இருந்தது.

1879ஆம் வருஷத்துப் பதிவேட்டின் ஓரத்தில் அவன் முதலில் வருகிறான்: கப்பலிலிருந்து காய்ச்சலோடு இறக்கிவிடப்பட்ட அந்நியன், சாகப்போகிறவனுக்குக் கொடுக்கும் நோயில்பூசுதல் கொடுக்கப்பட்டது, பிழைத்தான். 1881இல் கடற்கரைத் தெரு சவேரியம்மாளைக் கட்டினான். அதன்பின் ஆறு பிள்ளைகளின் ஞானஸ்நானம், அதில் மூன்று பிள்ளைகளின் அடக்கம். உப்பளத்து மடைகளுக்குப் பலகை அறுத்தான், கோயில் கதவு செய்தான், அந்தக் கதவு இப்போதும் அடைக்கிறது. பிறகு ஒரு விநோதம். பதினொரு குழந்தைகளின் ஞானஸ்நானக் குறிப்பில், பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கிற ஞானத்தகப்பன் என்ற இடத்தில் அவன் பெயர் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் கடற்கரைத் தெருவில் இல்லை, உப்பள வேலைக்காரர்களின் அளத்துக்குடியிலும், ஒன்றே ஒன்று, அளத்து முதலாளிகளின் மேலத்தெருவிலும் பிறந்தவை. கடைசியாக 1902, அடக்கப் பதிவு. எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது, தெற்கே மேலத்தெருவின் பிணங்கள், வடக்கே மற்றவர்களின் பிணங்கள், செத்த பிறகும் தீட்டு ஒட்டும் என்று நம்புகிற கிறிஸ்தவம் எங்களுடையது. அடக்கம் செய்த இடம் என்ற பத்தியில் எல்லாருக்கும் 'தெற்கு' அல்லது 'வடக்கு' என்றிருக்கும். அவனுக்கு மட்டும் 'சுவர்' என்றிருந்தது. அந்நியனை எந்தப் பக்கம் புதைப்பது என்று இரண்டு பக்கமும் சண்டை போட்டு, கடைசியில் அவன் மேலேயே சுவரைக் கட்டிவிட்டார்கள்.

அலமாரியின் அடியில் ஒரு தகரப்பெட்டியில் அவன் எழுதித் தபாலில் சேர்க்காத ஒரு கடிதமும் கிடந்தது. படமெடுத்து, அவன் தேசமான போலந்தில், வார்சாவில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அனுப்பினேன், மூன்று நாளில் அர்த்தம் எழுதி அனுப்பினாள். தன் அம்மாவுக்கு எழுதியிருந்தான். சவேரியம்மாள் நல்லவள் என்று எழுதியிருந்தான், மீனை மூன்று வேளையும் தின்கிறோம் என்று எழுதியிருந்தான், பிறகு இப்படி: "இங்கே நண்பகலில் மனிதனுக்கு நிழல் இல்லை, அம்மா. நம் ஊரில் மார்கழி மதியத்தில் என் நிழல் களத்தைத் தாண்டி ஓடைவரை கிடக்குமே. அது என்னோடு கப்பல் ஏறவில்லை. வந்தால் அனுப்பி வை."

அவ்வளவுதான். காரணம் கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இந்த வரி மட்டும். அந்த நிழல் நூற்று நாற்பது வருஷம் நடந்து வந்து சேர்ந்திருக்கிறது, வந்தபோது ஆள் இல்லை, வாரிசுகளிடம் பங்கிட்டுக்கொடுத்துவிட்டது என்று அளத்துக்குடி சந்தியாகம்மாள் சொன்னாள், அதற்கு மேல் எங்கள் பல்கலைக்கழகத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை.

ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்ததால் அளத்தில் உப்பு வாருவது நிற்கவில்லை, மரம் மட்டை இல்லாத அந்த வெள்ளைக் காட்டில் நீள நிழல்காரிகள் நாலு பேரை வரிசையாக நிற்கவைத்து, அந்த நிழலில் மற்றவர்கள் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள், பிறகு நின்றவர்கள் உட்கார்ந்து குடிக்க, மற்றவர்கள் வெயிலில் நின்று வராத மேகத்தைத் திட்டினார்கள். நிழல் விழுந்த இடம் மண்பானை அடிபோலக் குளிர்ந்திருந்தது. கைப்பிள்ளைகளை அதில் படுக்கவைத்தார்கள், தயிரை அதில் வைத்தார்கள். சந்தியாகம்மாளுக்கு மூன்று வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு வந்தது, வந்து வாசலில் நின்றால் போதும் என்று. "இத்தன நாளும் என் நெழலு பட்டா குளிக்கப்போனவளுக, இப்ப தாயீ வந்து நில்லு தாயீங்கா. சாகுறதுக்குள்ள இதையும் பாத்தாச்சு" என்று அவள் வெற்றிலையைத் துப்பினாள்.

யாருக்கெல்லாம் நீண்டது என்று எண்ணாமல் இருக்க முடியுமா? எண்ணினார்கள். கடற்கரைத் தெருவில் அறுபத்தோரு பேர். அளத்துக்குடியில் முப்பத்தெட்டு. ஞானத்தகப்பன் என்ற பத்தியை வெறும் தகப்பன் என்றே படிக்க வேண்டும் என்று ஊருக்கே விளங்கிவிட்டது, கிழவிகள் சிரித்துக்கொண்டார்கள். மேலத்தெருவில் ஒருவர்கூட இல்லை.

ஒருவர்கூட இல்லை, ஆனால் அன்றிலிருந்து பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் மேலத்தெருவின் கதவுகள் திறக்கவில்லை. பஜாரில் குடை தீர்ந்துபோயிற்று. தெருநாய்கூட அந்த நேரத்தில் அங்கே வாயைத் திறக்காது. எனக்கு உறைத்தது அப்போதுதான், அதுவரை நான் ஆய்வேட்டுக்கு நல்ல அத்தியாயம் கிடைத்தது என்று திமிரோடு திரிந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை மதியம் ஜெசிந்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மேலத்தெருவில் பெரிய வீட்டுப் பெண், கல்லூரிப் பேருந்தில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறவள், பத்தொன்பது வயது. ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடையைத் தோள்வரை இறக்கிப் பிடித்திருந்தாள். கொல்லையில் என் எதிரே நின்று குடையை மடக்கினாள். நிழல் கிணற்றைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி, வேலிவரை போயிற்று.

"எனக்கும்க்கா" என்றாள்.

"உங்கம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு இல்ல. அதான்க்கா கஷ்டமே."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய பெரியப்பா ஞானாதிக்கம், திருவிழாக் கமிட்டித் தலைவர், அளத்தில் பாதிக்குச் சொந்தக்காரர், வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்: நம் வம்சத்தில் இந்த நிழல் கிடையாது, இவள் அம்மாவுக்கும் கிடையாது, அப்படியென்றால் இது எங்கேயிருந்து வந்தது, கடற்கரைத் தெருவில் எவனிடமிருந்து வந்தது, இவள் அம்மா அமலியே சொல்லட்டும்.

"உங்கப்பா என்ன சொன்னாரு?"

"அப்பா தரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

"அவரு நிழலப் பாத்தியா? உங்க பெரியப்பா நிழல? யாராச்சும் பாத்தாங்களா? வெயில்ல வந்து நிக்கச் சொல்லேன்!"

"அவங்க வெளியவே வரதில்லக்கா. கேக்குறதுக்கு யாரு இருக்கா?" பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "இப்ப எங்க ரெண்டு பேருக்கும் தனியா சோறு வருது. அம்மா மொதல்ல ஒரு வாய் தின்னுட்டு, கண்ண மூடிக்கிட்டு ஒரு பரலோகமந்திரச் செபம் முழுசா சொல்லுதாங்க. ஒண்ணும் ஆகலன்னாதான் எனக்குத் தாராங்க."

அந்த வீட்டில் முப்பது வருஷத்துக்கு முன் ஒரு மருமகள் அளத்துக் கிணற்றில் தவறி விழுந்தாள், இடுப்பளவு ஆழமுள்ள கிணறு அது. ஊர் அன்றைக்கு 'தவறி' என்ற சொல்லை விழுங்கிக்கொண்டது.

அவள் போனதும் நான் 1889ஆம் வருஷத்துக் குறிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மேலத்தெருவில் பிறந்த அந்த ஒரே குழந்தை, ஞானாதிக்கத்தின் பாட்டன். மேலத்தெரு தன் பிள்ளைகளுக்கு வேறு தெருவிலிருந்து ஞானத்தகப்பன் வைத்ததே இல்லை, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, நூற்று நாற்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு பொலோனியாத் தச்சனை. அதை நகலெடுத்துக்கொண்டு வந்தேன். நல்லவேளை. ஏனென்றால் மறுநாளே ஞானாதிக்கம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார், குடையை மடக்காமலே நின்றார்.

"தனிஸ்லாசு, அந்தப் பழைய புஸ்தகத்த எல்லாம் கரையான் அரிச்சுட்டுன்னு கேள்விப்பட்டேனே."

"இல்லிங்களே அய்யா, நல்லாத்தான்..."

"அரிச்சுட்டு" என்றார் அவர், மெதுவாக. "எடுத்துட்டு வா."

அப்பா எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அவர் போனபிறகு நான் கத்தினேன், ஊரே கேட்கக் கத்தினேன், அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, நீ வாதாடுவ, கப்பு வாங்குவ, பஸ் ஏறிப் போயிருவ. நான் இந்த ஊர்லதான மணி அடிக்கணும்" என்றார். நான் நகலை மடித்து என் துணிகளுக்கடியில் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருவிழாக் கமிட்டியின் அறிவிப்பு வந்தது. மாதா திருவிழாவின் நண்பகல் பவனியில் இந்த வருஷம் ஒருவர்கூட வீட்டில் தங்கக்கூடாது, தலையில் துணி போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. வராதவர்களுடைய நிழலைப் பற்றி ஊர் தானாகத் தெரிந்துகொள்ளும். மேலத்தெருவின் பேரைக் கெடுக்கிறவர்களுக்கு அன்றைக்கு ஒரு முடிவு.

எங்கள் பவனிக்குச் சில முறைகள் உண்டு. சாமியார் மாதாவின் சின்னச் சொரூபத்தை நெஞ்சோடு ஏந்தி, பட்டு விதானத்தின் கீழ் நடப்பார். விதானத்துக்கு நாலு கம்பு, நாலையும் ஞானாதிக்கம் வீட்டு ஆண்கள்தான் பிடிப்பார்கள். சாமியாரையும் கம்பு பிடிக்கிற நாலு பேரையும் தவிர வேறு ஆள் விதானத்தின் கீழ் நிற்கக்கூடாது. கல்லறைத் தோட்ட முக்கில் மரித்தோருக்காக ஒரு செபம், அதற்காக மட்டும் நிற்கலாம். கோயில்பிள்ளை கைமணி அடித்துவிட்டால் விதானம் நகர்ந்தாக வேண்டும், கோயில் வாசல்வரை எது வந்தாலும் நிற்கக்கூடாது, நின்றால் அந்த வருஷம் கடல் ஆள் கேட்கும். சின்ன வயதிலிருந்து கேட்ட முறைகள்தான். அந்த வருஷம் விதானத்துக்குப் புதுப் பட்டு தைத்திருந்தார்கள், ஒவ்வொரு பக்கமும் ஒரு கெஜம் கூடுதலாக. கம்பு பிடிக்கிறவர்கள்மேல் ஒரு துளி வெயில் படாது, அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பவனி கல்லறை முக்குக்கு வந்தது. மூன்று தெருவும் கயிறு கட்டிப் பிரித்தபடி மூன்று பத்தியாக நின்றது, செருப்பில்லாத கால்களின் கீழ் உப்புமண் கொதித்தது, அறுபத்தோரு நிழலும் முப்பத்தெட்டு நிழலும் வடக்கே பார்த்துக் கிடந்தன. மேலத்தெருப் பத்தியில் எல்லாரும் காலுக்கடியில் நிழலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள், நிமிர முடியாதவர்கள் அந்த வாரமே காய்ச்சல் என்று வெளியூர் போயிருந்தார்கள். விதானத்துக்கு முன்னால், வெறும் வெயிலில், அமலியையும் ஜெசிந்தாவையும் தனியாக நிறுத்தியிருந்தார்கள். அமலியின் நிழல் கால் பெருவிரலைத் தாண்டவில்லை. ஜெசிந்தாவின் நிழல் பாதையைக் கடந்து கல்லறை வாசல்வரை நீண்டது.

செபம் முடிந்தது. ஞானாதிக்கம் முன்கம்பைப் பிடித்தபடியே, விதானத்து நிழலை விட்டு ஓரடி நகராமல் பேசினார்.

"எல்லாரும் பாத்துக்கங்க. எங்க வீட்டுல இந்த நெழலு கெடையாது. இது யாரு வீட்டு நெழலுன்னு இந்தப் பொம்பள சொல்லல. சொல்லாட்டாலும் பரவால்ல. எங்க வீட்டு விவகாரத்த எங்க வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கிடுதோம்."

வீட்டுக்குள்ளே என்றால் என்ன என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கிணறு எல்லார் கண்ணிலும் வந்து போனது. என் ரவிக்கைக்குள் நகல் இருந்தது, பேச வேண்டிய வாக்கியங்களை ஒன்று, இரண்டு என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன், மாவட்டப் பேச்சுப்போட்டியில் ஏழு கோப்பை வாங்கிய வாய் இது, திறந்தேன், நாக்கு மேலண்ணத்தில் உப்புப்போல ஒட்டிக்கொண்டது. ஜெசிந்தா கூட்டத்தில் என்னைத் தேடுவதைப் பார்த்தேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன், என் இருபது அடி நிழலும் என்னோடு சேர்ந்து குனிந்தது.

அப்போது அமலி நடந்தாள்.

சண்டைக்குப் போகிறவள்போல அல்ல, அடுப்பில் எதையோ மறந்து வைத்துவிட்டவள்போல விறுவிறுவென்று விதானத்துக்குள் போனாள், பின்கம்பைப் பிடித்திருந்த தன் புருஷன் லெயோன் முன்னால் நின்றாள்.

"கை வலிக்கும். இங்க தாங்க" என்றாள்.

"ஏய், என்ன பண்ணுத..."

"இருபது வருஷமா எல்லாத்தயும் நான்தான பிடிச்சுக்கிட்டிருக்கேன். இதயும் பிடிக்கேன். விடுங்க."

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர் எதிர்த்தாரா, விட்டுக்கொடுத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது, அவர் முகத்தில் இரண்டும் இருந்தது. கம்பு அவள் கைக்குப் போயிற்று. பொம்பளை விதானக் கம்பைத் தொட்டுவிட்டாள் என்று ஊர் மூச்சை உள்ளே இழுத்தது, ஞானாதிக்கம் திரும்பி வாயைத் திறந்தார், அந்த நேரத்தில் மணி அடித்தது.

அப்பா அடித்தார். ஒரு தடவைக்குப் பதில் ஏழெட்டுத் தடவை அடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தார்.

மணி அடித்துவிட்டால் நிற்கக்கூடாது. சாமியார் நடந்தார். அமலி கம்போடு நடந்தாள். மற்ற மூன்று கம்பும் நடந்துதான் ஆக வேண்டும், நடந்தன. கையில் கம்பில்லாத லெயோன் விதானத்தின் கீழ் நிற்க உரிமை இல்லாதவராக அங்கேயே நின்றார். பட்டு அவர் தலைக்கு மேலிருந்து மெல்ல விலகியது, முதலில் நெற்றியில் வெயில் விழுந்தது, பிறகு தோளில், பிறகு காலில். விழுந்ததும் அவருடைய நிழல் புறப்பட்டது. பாதையைக் கடந்து, மகளுடைய நிழலுக்குப் பக்கத்தில், அதே நீளத்துக்கு, அதே சாய்வில், கல்லறை வாசல்வரை போய்ப் படுத்தது. அப்பனும் மகளுமாக இரண்டு நிழலும் இரண்டு பலகைபோலச் சேர்ந்து கிடந்தன.

மேலத்தெருப் பத்தி ஒரே சமயத்தில் கண்ணைத் தூக்கி, நகர்ந்துபோகிற விதானத்தையும் அதன் கீழே கம்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்த ஞானாதிக்கத்தையும் பார்த்தது. அவரும் பார்த்தார், அவர்கள் பார்ப்பதை. லெயோன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவருக்கு எப்போதும் அதுதான் வழக்கம், ஆனால் இந்தத் தடவை தரையில் பார்ப்பதற்கு ஒன்று இருந்தது. பிறகு மகளிடம் போய், அவள் தலையில் கை வைக்கப் பார்த்தார். அவள் ஒரு எட்டு விலகிக்கொண்டாள்.

கோயில் வாசலில் சாமியார் உள்ளே போனார். அமலி தன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஞானாதிக்கம் கம்பை விடவில்லை. இன்றைக்கும் விடவில்லை. பதினொரு மணியானால் வேலைக்காரர்கள் மூன்று பேர் மூன்று கம்பைத் தூக்க, நாலாவது கம்பை அவரே பிடித்துக்கொண்டு, அளத்துக்கும் வங்கிக்கும் பட்டு விதானத்தின் கீழ்தான் போகிறார். ஊர் பழகிக்கொண்டது. பிள்ளைகள் சிலுவை போட்டுக்கொள்கின்றன, உள்ளே மாதா இருக்கிறாள் என்று நினைத்து.

அமலியும் ஜெசிந்தாவும் அன்றே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாதத்தில் நான் ஜெயித்ததாக என் தோழிகள் சொல்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை என்று சொன்னால் நம்புவதில்லை. அப்பா இப்போதும் இருட்டுக்கு முன்னால் வாசலைச் சாத்தி, தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார்.

அன்று மதியம் அம்மா எல்லாருக்கும் சோறு போட்டு, சாளைக்குழம்பு ஊற்றினாள். நான் கை வைக்கப்போனேன், அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அமலி மகளுடைய தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. என் அம்மாவின் குழம்பை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை, குறை சொன்னவர்களுக்கு அவள் மறுவேளை சோறு போட்டதும் இல்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஜெசிந்தாவின் எதிரே உட்கார்ந்து, நாங்கள் எல்லாரும் காத்திருந்ததுபோலவே காத்திருந்தாள். ஒரு பரலோகமந்திரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அமலி கண்ணைத் திறந்தாள்.

"சாப்பிடு" என்றாள்.